கரண்ட் பில்லில் ஒரு பெயர்

சனிக்கிழமை. தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில், மரக்கறிக் கடையின் வரிசை வாசல்வரை நின்றது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் முருங்கைக்காய்க் கட்டை அணைத்தபடி, பிள்ளை பிறந்த செய்தி சொல்வதுபோல் சொன்னாள்:

“அக்கா, கரண்ட் பில் இனி என்ரை பேரிலைதான் வரும்!”

மற்றவள் பதறினாள். “ஏன், உன்ரை மனுசனுக்கு என்ன நடந்தது?”

“அவருக்கு ஒண்டுமில்லை. நான் கரண்ட் கொம்பனியை மாத்திப்போட்டன். வேலையிலை சாப்பாட்டு நேரம் ஒரு ஃபோன், அவ்வளவுதான். மாசம் மாசம் காசு என்ரை கணக்கிலையிருந்து தானாப் போகும். அதாலை பில்லும் இன்னும் குறைவு.”

“கரண்ட் நிக்கேல்லையோ?”

“அப்பிடிச் சொல்லித்தானே அவர் இத்தனை வருசமா வெருட்டினவர். ஒரு லைட்டும் நூரேல்லை, அக்கா!”

“அப்ப நல்ல மிச்சம் எண்டு சொல்லு.”

“மிச்சம் கிடக்கட்டும். இஞ்சை எங்கை போனாலும், எந்த வீட்டிலை இருக்கிறாய் எண்டு பாக்க முதலிலை கரண்ட் பில்லைத்தானே கேக்கிறாங்கள். என்ரை பேரிலை ஒண்டுமில்லை. இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான விசா கார்ட் புதுப்பிக்க, பாங்கிலை கணக்குத் திறக்க, எல்லாத்துக்கும் ‘இவ என்ரை வீட்டிலை இருக்கிறா’ எண்டு அவர் எழுதித் தரவேணும். ஒவ்வொரு முறையும் கெஞ்சவேணும்.”

முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது. அவர்கள் கவனிக்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன்.

“பொறு,” என்றாள் மற்றவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “அவருக்கு எப்ப கார்ட் முடியுது?”

“வாற மாசம். எழுதித் தா எண்டு வந்து கேக்கட்டும். புதுப் பேனை வாங்கி வைச்சிருக்கிறன்.”