வலப்பக்க விளக்கு

— அந்த சிவப்பு பிக்கப் வண்டிய மட்டும் விட்டுருங்கம்மா. மத்தபடி இந்த பழைய இரும்பு யார்டுல நிக்கற எந்த வண்டில இருந்து வேணும்னாலும் பல்பு கழட்டித் தர்றேன்.

— எனக்கு அதுல இருக்கறதுதான் வேணும்.

— அட ஏங்க, ஹெட்லைட் பல்புல என்ன ராசி பாக்கறது? நம்பர் ஒண்ணா இருந்தா எல்லாம் ஒண்ணுதான். உங்க காருக்கு எந்த நம்பர்னு தெரியுமா?

— தெரியாது.

— பழைய பல்போட அடியில பொறிச்சிருக்குமே. கழட்டிக் கொண்டாந்தீங்களா?

— இல்ல.

— கால் அளவு தெரியாம செருப்பு வாங்க வந்த மாதிரி வந்திருக்கீங்க. சரி, என்ன வண்டி, எந்த வருஷம்? அதையாவது சொல்லுங்க.

— இந்தாங்க, வண்டி பேப்பர்லயே இருக்கு. மடிச்ச இடத்துக்குக் கீழ பாருங்க.

— பழசுதான். அப்போ டிம்முக்கு 9006, பிரைட்டுக்கு 9005. ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாத்திப் போட்டுறக் கூடாது. போனது டிம்மா, பிரைட்டா?

— டிம்.

— எந்தப் பக்கம்?

— வலது. ஆமா, வலதுதான்.

— புதுசே இருக்கு, பிடிங்க. பில்லுல போடணும், பேரு சொல்லுங்க.

— பேரெல்லாம் அப்புறம் அண்ணே. அந்த பிக்கப்புல வலப்பக்க லைட்டு உடையலதானே? வரும்போதே பாத்தேன்.

— உடையல. இடப்பக்கம்தான் அப்பளமா நொறுங்கிருச்சு. அது என் தம்பி ரெய்னோ வண்டிம்மா. அதுக்குள்ளதான் செத்தான்.

— தெரியும்.

— தெரியுமா? நீங்க இந்தப் பக்கத்து ஆள் மாதிரி தெரியலயே.

— கேள்விப்பட்டேன். லைட்டே போடாம வந்தாராம்.

— போலீஸ் ரிப்போர்ட்லயே அப்படித்தான் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி, நவம்பர்ல, குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்ச மறுநாள். அஞ்சு மணிக்கே பொசுக்குன்னு இருட்டிருச்சு. எதுக்க வந்த ஒரு அம்மா தீவனக் கடைக்குப் போக இவன் வழிக்குக் குறுக்கால இடது திரும்பியிருக்காங்க. இவன் அவங்க கார்ல மோதி, அங்கிருந்து தெறிச்சு மரத்துல போயி... அதோட சரி. லைட்டு இல்ல, அதான் வர்றது தெரியலன்னு அந்தம்மா எழுதிக் குடுத்தாங்க.

— அவங்க மேல கோவம் இல்லயா உங்களுக்கு?

— அவங்க மேல எதுக்கு? பாத்தத சொன்னாங்க. பாவம், அவங்களும் பயந்துதான் போயிருப்பாங்க. எனக்குக் கோவமெல்லாம் என் மேலதான்.

— நீங்க என்ன பண்ணீங்க?

— வேணாம் விடுங்க.

— சொல்லுங்கண்ணே.

— முன்பின் தெரியாத ஆளுங்கறதால வாய் வருது போல. அதுக்கு நாலு நாள் முன்னாடி, ரெய்னோ இதே இடத்துல, நீங்க நிக்கற இடத்துல நின்னான். டிம் ரெண்டும் மங்கிப் போச்சு, மாத்திக் குடுண்ணேன்னான். 9006 கையில இல்ல. 9005 இருந்துச்சு. அதோட அடியில நீட்டிட்டு இருக்கற பிளாஸ்டிக் காது கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், உள்ள நுழையாது. கத்திய எடுத்துக் காத சீவினேன், உள்ள உக்காந்துருச்சு. "பகல் மாதிரி அடிக்குதுண்ணே"ன்னு சிரிச்சிட்டே போனான்.

— அதுல என்ன தப்பு?

— சூடும்மா. அது சூடு அதிகமான பல்பு. ஹோல்டர் உருகுச்சுன்னா பொட்டுன்னு அணைஞ்சிரும். அவன் லைட்டப் போட்டுத்தான் வந்தானோ, நான் சீவி மாட்டுன பல்பு வழியில அணைஞ்சிருச்சோ? இல்ல, நெசமாவே போட மறந்தானோ? ஒண்ணு அவன் தப்பு, இல்லன்னா என் தப்பு. அவன் பொண்டாட்டி கேரல் இன்னமும் கேக்கறா, "ஆர்வோ, குடிச்சிருந்தானா?"ன்னு. முன்னெல்லாம் சனிக்கிழமை ஆனா எல்லாரும் எங்க வீட்டு சவுனாவுக்கு நீராவிக் குளியல் போட வந்துருவாங்க. இப்ப அவ சர்ச்சுக்கே வர்றதில்ல. நான் மட்டும் சூடு கல்லுல தண்ணிய ஊத்திட்டு உக்காந்திருக்கேன்.

— பல்பப் பாத்தா தெரியாதா, எரிஞ்சதா எரியலயான்னு?

— அதெல்லாம் தெரியும். எரியறப்போ உள்ள இருக்கற கம்பி மெழுகாட்டம் இளகியிருக்கும். அப்படி ஒரு அடி விழுந்தா இழுபட்டுத் தொங்கிரும். அணைஞ்சு கிடந்தா தொங்காது. அப்படியே சுருளா நிக்கும், இல்லன்னா சடக்குனு ஒடியும்.

— போலீஸ் பாக்கலயா?

— நேர்ல பாத்த சாட்சி இருக்கறப்போ பல்ப யாரு கேக்கறா?

— நீங்க?

— நானா? ரெண்டு வருஷமா அந்தப் பக்கமே போகலம்மா. ஒத்தக் கண்ணால என்னையே பாத்துட்டு நிக்குது அது. எனக்கு பயம். சொல்லிட்டேன், போதுமா?

— எனக்கும் பயம்தான். வாங்க, பாத்துருவோம்.

— உங்களுக்கென்ன பயம்?

— வாங்கண்ணே. இன்னொரு குளிர்காலம் என்னால தாங்க முடியாது.

— ...பனியில வழுக்கும், பாத்து வாங்க. இந்த பானெட்டக் கொஞ்சம் பிடிங்க. துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. ஆங், அப்படித்தான். இதோ ஹோல்டர்.

— உருகியிருக்கா?

— இருங்க, தூசியத் துடைச்சுப் பாக்கறேன்... இல்ல. சூட்டுல லேசாப் பழுப்பேறியிருக்கு. உருகல. உருகலம்மா!

— பல்பு?

— திருகுனா வந்துரும். கண்ணாடியத் தொட்டுறாதீங்க, விரல் எண்ணெய் பட்டா பல்பு சீக்கிரம் போயிரும்... அட, நான் ஒரு கிறுக்கன், இனிமே யாரு இத எரிய விடப் போறா? வெளிச்சத்துக்கு நேரா பிடிக்கறேன். உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்ல? நீங்களே சொல்லுங்க.

— தொங்குது.

— நல்லாப் பாருங்க.

— அவுந்த நூல் மாதிரி இழுபட்டுத் தொங்குது அண்ணே. எரிஞ்சிட்டுதான் இருந்திருக்கு.

— எரிஞ்சிருக்கு! போட்டுட்டுத்தான்டா வந்திருக்கான், என் தங்கம்! டேய் ரெய்னோ, ரெண்டு வருஷமா உன்னையும் சந்தேகப்பட்டேன், என்னையும் கொன்னுக்கிட்டேனே... நீங்க வரலன்னா நான் சாகற வரைக்கும் இதத் திறந்திருக்க மாட்டேன். எந்தப் புண்ணியவதி பெத்த பிள்ளையோ! இப்பவே கேரல் வீட்டுக்குப் போவோம். கறி அடைச்ச பேஸ்டி சுட்டு வெச்சிருப்பா, சூடா சாப்பிடலாம். நீங்களும் கூட வரணும், கண்ணால பாத்தவங்க நீங்கதான். ஏம்மா அழறீங்க?

— ஒண்ணுமில்ல.

— இருங்க... வாசல் கேட் பக்கத்துல நிக்கறது உங்க கார்தானே?

— ஆமா.

— ரெண்டு ஹெட்லைட்டும் எரியுதே. வலது போயிருச்சுன்னீங்க?

— எதுவும் போகல. ரெண்டு வருஷமா பட்டப்பகல்லயும் அணைக்கறதில்ல. எரியுதா எரியுதான்னு வழியெல்லாம் இறங்கி இறங்கிப் பாப்பேன்.

— அப்போ எதுக்கும்மா பல்பு கேட்டு வந்தீங்க?

— பில்லுக்குப் பேரு கேட்டீங்களே, இப்ப சொல்றேன். டார்லா ப்ரூஸ்டர். அன்னைக்கு மடியில சூப்பு கொட்டிருச்சு. குனிஞ்சு துடைச்சிட்டே வண்டியத் திருப்பினேன். லைட்டு இல்லன்னு எழுதிக் குடுத்தவ ரோட்டையே பாக்கல. அந்த பல்ப என் கையில மட்டும் குடுத்துறாதீங்க. போற வழியில ஏரி இருக்கு, தூக்கிப் போட்டுருவேன்.