கதவைத் திறந்துகொண்டே இருந்த அம்மையாருக்கு

வேலை கேட்டு வந்தோர்க்கெல்லாம் வாசலாய் வாய்த்தவரே! 'இல்லை' என்ற சொல்லை இருபத்தொன்பது ஆண்டுகளாக ஏற்க மறுத்த எங்கள் பணியமர்த்தல் அலுவலரே! ஆலை மேலாளர்கள் அன்போடும் கொஞ்சம் அலுப்போடும் 'விடாக்கண்டி' என்றழைத்த அம்மையீரே! மாற்றுத்திறனாளிகள் தொழிற்பயிற்சி மையத்தின் பணியாளர்களாகிய நாங்கள், உங்கள் பணிநிறைவு நாளில் பெருமையோடும், மறைப்பானேன், சற்று நடுக்கத்தோடும் வணங்குகிறோம்.

ஒருவருக்காக ஒரு வேலையைக் கேட்குமுன் அதை நீங்களே செய்து பார்ப்பீர்கள். வலக்கையை முதுகோடு கட்டிக்கொண்டு நாள் முழுதும் மருந்துப் பெட்டி மடித்தீர்கள். "இவங்களால முடியுமா மேடம்?" என்று இழுத்த மேலாளரிடம், "என்னாலயே முடிஞ்சுது. பழகினவங்க என்னைவிட நல்லாவே செய்வாங்க. எப்ப வரச் சொல்லட்டும்?" என்று கேட்டீர்கள். அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் இன்று தம் உழைப்பில் நிமிர்ந்து நிற்பது உங்கள் பிடிவாதத்தால்தான்.

ஆயினும் அருமைக்குரியவரே, அந்த விளக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் இம்மடல் பொய்யாகிவிடும்! செவித்திறன் அற்றோர் நோட்டுப் புத்தகம் கட்டும் எங்கள் பைண்டிங் அறையில், வாசலில் பொத்தானை அழுத்தினால் மணிக்குப் பதிலாகச் சுவரில் விளக்கு எரியும். நீங்கள் பணியேற்ற முதல் மாதம் அது பழுதானது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றீர்கள். அன்றுதான் இடக்கை மட்டுமே உள்ள ஒருவர் வேலை கேட்டு வந்து, காலை முதல் பதினொன்றேகால் வரை பொத்தானை அழுத்தியபடியே நின்றார். உள்ளே எவருக்கும் தெரியவில்லை. திரும்பும் வழியில் பேருந்து மோதி அவர் இறந்துபோனார்.

புது விளக்கு மாட்டிய நாளிலிருந்து, தினமும் காலை பதினொன்றேகாலுக்கு ஆளில்லாமலே அது எரிகிறது. மூன்று முறை கம்பியை மாற்றிய மின்பணியாளர், நான்காம் முறை "ஆளை விடுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டார். நீங்களோ ஒருநாளும் தவறாமல் எழுந்து, கதவைத் திறந்து, வெறும் வாசலிடம் "மன்னிச்சுடுங்க, உள்ள வாங்க" என்பீர்கள், விளக்கு அணையும். காய்ச்சலிலும் வந்தீர்கள், பதவி உயர்வையும் வேண்டாமென்றீர்கள். சென்ற வாரம் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திடாமல், "நான் போயிட்டா அவரு வெளியவே நிப்பாரே" என்று அழுதீர்கள்.

நேற்று, முதல்முறையாக அந்நேரத்தில் நீங்கள் இங்கில்லாமல் தலைமை அலுவலகம் சென்றிருந்தபோது, விளக்கு எரிந்தது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாமும் செவித்திறன் அற்றவரான பைண்டிங் ஆசிரியர்தான் கதவைத் திறந்தார். வெகுநேரம் வாசலையே பார்த்திருந்தவர், திரும்பி எங்களிடம் சைகையில் சொன்னார்: "இவரு வேலை கேட்டுல்ல வந்திருக்காரு! இத்தனை வருஷமா ஏன் யாருமே கொடுக்கல?"

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, தாயே! ஊருக்கெல்லாம் வேலை தேடித்தந்த நீங்களும், வேடிக்கை பார்த்த நாங்களும், இவரிடம் மட்டும் வருத்தத்தையே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆசிரியர் சன்னலோர மேசையைத் துடைத்தார். ஒற்றைக் கையால் வேலை செய்வோருக்கான பிடிப்பானைப் பொருத்தினார். அட்டையும் துணியும் பசையும் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். மாலைவரை அந்தப் பக்கம் எவரும் போகவில்லை.

ஆகவே நிம்மதியாகக் கையெழுத்திடுங்கள்! முழங்கால் வலி முற்றும் தீர்ந்து, பேரப்பிள்ளைகளின் தொல்லை பெருகி, பதினொன்றேகால் மணிக்கும் படுத்துறங்கும் பாக்கியம் பெற்று, நோயறியா நெடுவாழ்வு வாழ வாழ்த்துகிறோம்!

என்றும் உங்கள் அன்பை மறவாத,
மையப் பணியாளர்கள்

(இனி வருவது இன்று கையால் எழுதிச் சேர்த்தது.) பதினொன்றேகால் தாண்டிவிட்டது; விளக்கு எரியவில்லை. அச்சான இம்மடலை நேற்று மாலை அந்த மேசைமேல் வைத்துவிட்டு அறையைப் பூட்டினோம். காலையில் திறந்தபோது அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டி, நான்கு ஓரமும் துணி கட்டியிருந்தது. எங்களில் யாரும் செய்யவில்லை. பசை இன்னும் காயவில்லை அம்மா, பார்த்துப் பிடியுங்கள்.