அறுபதாவது கிலோமீட்டரில் ஒரு பஞ்சர்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் தேநீர் நன்றாகவே இருக்கிறது, சார்ஜன்ட். போன கோடையில் உங்கள் வண்டியின் பின் டயரைச் சரிசெய்தபோது நான் போட்டுக் கொடுத்ததைவிட எவ்வளவோ மேல். அதை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கே இவர் பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அது நம் இருவருக்கும் உதவும்.

டயர் பஞ்சராவது பெரிய விஷயமே இல்லை. முப்பத்தொரு வருடமாக அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். தெற்கே இருக்கிற போர்ட் அகஸ்டா நகரத்திலிருந்து நானூறு கிலோமீட்டர் மண்சாலையில் வந்தால் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை, ஆறு அறை, அவற்றின் ஓரத்தில் என் டயர் கொட்டகை. அதோடு ஊர் முடிந்தது. ஓடுகிற வண்டியில் இருக்கும்வரை யாருக்கும் யாரும் வேண்டாம், சார்ஜன்ட். ஒரு சக்கரம் இறங்கட்டும், மனிதன் பத்தே நிமிடத்தில் தங்கமாகிவிடுவான். தூரத்தில் புழுதி தெரிந்தால் போதும், கண் கலங்கும். அந்தப் புழுதிக்குள்ளிருந்து தொப்பையோடு, முன்பல் இரண்டு இல்லாமல் நான் இறங்கினாலும் தேவதூதன் வந்ததுபோல் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடி முன்னால் நின்றால் எனக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. ஆகவே எனக்குப் பஞ்சர் பிடிக்கும்.

என் மனைவி நோலீன் விஷயத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

பதினேழு வருடம் முன்னால் எங்களுக்குள் ஒரு சண்டை. எதற்கென்று மறந்துவிட்டது, அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். போர்ட் அகஸ்டாவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அறுபதாவது கிலோமீட்டரில் ஒரு கூர்க்கல் டயரைக் கிழித்துவிட்டது. அது தானாக நடந்தது, என்மேல் போடாதீர்கள். மூன்று மணி நேரம் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது காருக்குக் கீழே இருந்த கைக்குட்டை அளவு நிழலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் அழுக்குச் சட்டையில் முகத்தை வைத்து அழுதாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி என்னைப் பிடித்துக்கொண்டதில்லை. ஸ்டெப்னியை மாட்டினேன். பிளாஸ்கிலிருந்த தேநீரை இருவரும் ஒரே மூடியில் குடித்தோம். காரை வீட்டுப் பக்கம் திருப்பினேன். 

என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அப்படி ஒரு நாளை வைத்திருப்பவன் அதை இன்னொரு முறை பார்க்க ஆசைப்படுவது தப்பா? தப்புதான் என்று உங்கள் முகம் சொல்கிறது. சரி.

இரண்டாவது முறை, தங்கைக்கு ஆபரேஷன் என்று புறப்பட்டாள். மூன்றாவது முறை, அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு தடவையும் டயர் அறுபதுக்குப் பக்கத்திலேயே இறங்கியது. வால்வுக்குள் ஒரு சின்ன ஊசி இருக்கிறது, அதை எவ்வளவு தளர்த்தினால் காற்று எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே கலை. வேறு எதிலும் எனக்கு அந்த நுணுக்கம் கிடையாது, நான் பொரிக்கும் முட்டையைச் சாப்பிட்டால் தெரியும்.

இரண்டு தடவையும் மூன்று மணி நேரம் கழித்தே போனேன். காரணம் உண்டு. அரை மணியில் வருபவனுக்கு நன்றி சொல்வார்கள். மூன்று மணியில் வருபவனைக் கட்டிக்கொள்வார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, தொழிலில் கற்றுக்கொண்டேன். இரண்டாவது முறை கட்டிக்கொண்டாள். மூன்றாவது முறை கட்டிக்கொள்ளவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, நான் வால்வு மூடியைத் திருகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  களைப்பு என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்து வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு, மாட்டு லாரி ஓட்டுகிறவரிடம் சொல்லி டயர் மாற்றக் கற்றுக்கொண்டாள். சாப்பாட்டுக் கடையின் குளிர் அறைக்குப் பின்னால், நான் பார்க்கவில்லை என்று நினைத்துப் பழகுவாள். நான் கொட்டகை இடுக்கு வழியாகப் பார்ப்பேன். ஜாக்கியைச் சரியான இடத்தில் வைப்பாள், நட்டுகளைக் குறுக்காக முடுக்குவாள், கடைசியில் காலால் ஒரு மிதி. பதினான்கு நிமிடம். என்னைவிட வேகம். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது.

ஆகையால் இந்த முறை நட்டு கழற்றுகிற வீல் ஸ்பேனரையும் அவள் காரிலிருந்து எடுத்து ஒளித்துவைக்க வேண்டியதாகிவிட்டது. காற்றடிக்கிற பம்பைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லி முந்தின வாரமே பிரித்துப் போட்டிருந்தேன். நீங்கள் என் மேசையில் பார்த்த பாகங்கள் அவைதான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினாள். பல் டாக்டரைப் பார்க்கப் போகிறாளாம். பின் சீட்டில் போர்வை மூடித் தையல் மெஷின் இருந்தது. பல்வலிக்குத் தையல் மெஷின் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு. "பாத்துப் போ, வெயில் கொளுத்துது," என்றேன். "சமைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன், செவ்வாய்க்கிழமை வரைக்கும் வரும்," என்றாள். கைகாட்டினேன். அவளும் காட்டினாள் என்றுதான் நினைக்கிறேன், புழுதியில் சரியாகத் தெரியவில்லை.

இப்போது எங்கள் சாலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும், தட்டச்சு செய்கிற அம்மணி நகரத்துக்காரர் என்பதால் சொல்கிறேன். அந்தப் பக்கம் போனுக்கு சிக்னல் கிடையாது. எல்லா வண்டியிலும் வாக்கி டாக்கி மாதிரிப் பேசுகிற ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும், மலைமேல் இருக்கிற கோபுரம் ஒருவர் பேச்சை எல்லோருக்கும் கொண்டுபோகும். மாட்டிக்கொண்டவர் கூப்பிட்டால் முதலில் "நான் பாத்துக்கறேன்" என்று யார் சொல்கிறாரோ அவர் பொறுப்பு. அதன்பிறகு வேறு யாரும் தலையிட மாட்டார்கள். தலையிட்டால் அவர் சொல்லை நம்பவில்லை என்று அர்த்தம். அந்தச் சாலையில் அதைவிட ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியாது.

ஒன்பது மணி தாண்டிக் கொட்டகை ரேடியோவில் அவள் குரல் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா? நோலீன் பேசுறேன். அறுபதாவது கிலோமீட்டர். முன் டயர் இறங்கிடுச்சு, வீல் ஸ்பேனரக் காணோம்."

சாலை சமன்செய்யும் கிரேடர் ஓட்டுகிற டாரில் உடனே வந்தான். அவன் அவளுக்கு அந்தப் பக்கம், தெற்கே, இருபது நிமிட தூரத்தில் முகாம் போட்டிருந்தான். "நோலீன், டாரில் பேசுறேன். எங்கிட்ட ஸ்பேனர் இருக்கு, நான் வேணா..."

அவன் முடிப்பதற்குள் சொன்னேன். "டாரில், நீ உன் வேலையப் பாரு. நான் பாத்துக்கறேன். என் பொண்டாட்டி, என் டயர்."

அவன் சிரித்தான். "சரி பெருசு. தொப்பைய மட்டும் தூக்கிட்டுப் போகாத, தண்ணியும் எடுத்துட்டுப் போ."

பிறகு நோலீன் பேசினாள். "டாரில், வேண்டாம், நீயே..." அந்த நேரத்தில் என் கட்டைவிரல் ரேடியோவின் பேசுகிற பொத்தானில் பட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டு குரலும் போய்க் கிறீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி பட்டது. மூன்றாவது முறை என் பெயரைச் சொன்னாள் என்று நினைக்கிறேன், ஒரு எழுத்துதான் கேட்டது. டாரில் என்ன சத்தம் என்று விசாரித்தான். கோபுரத்துக்கும் வெயில் ஏறிவிட்டது என்றேன். அவன் முகாமைப் பூட்டிவிட்டு, அன்றைய வேலைக்காக எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கிளைச்சாலைக்குப் போய்விட்டான்.

அதற்குப்பின் அவள் கூப்பிடவில்லை. பிப்ரவரி எங்கள் பக்கம் உச்சக் கோடை, அந்தச் சாலையில் சுற்றுலாக்காரர்கள் வருவதில்லை. நான் ஒரு டிராக்டர் டயரை முடித்தேன், ஃப்ரிட்ஜிலிருந்து இறைச்சி அடைத்த மீட் பை ஒன்றை எடுத்துச் சுடவைத்துச் சாப்பிட்டேன், பிளாஸ்கில் தேநீர் நிரப்பினேன். சுத்தமான சட்டைகூடப் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். நாற்பத்தாறு டிகிரி.

கார் இருந்தது. அவள் இல்லை.

வண்டியைவிட்டு நகரக் கூடாது என்பது அங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் கடைக் கதவில் அந்த எச்சரிக்கைப் பலகையை எழுதியது நோலீன்தான், என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பதால். செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் வைத்துவிட்டு நடக்கிற ஷூவை மாட்டியிருந்தாள். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை எடுத்துப்போயிருந்தாள். ரேடியோவை அணைத்திருந்தாள். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று, எப்போதும் சிக்கனம். கால்தடம் தெற்கே போனது, டாரில் முகாம் பக்கம். வீடு வடக்கே இருக்கிறது. நான்தான் வருகிறேன் என்று ரேடியோவில் தெளிவாகச் சொல்லியிருந்தேன், அவளும் கேட்டாள். பிறகு ஏன் நடந்தாள் என்பது எனக்குப் புரியவில்லை.

அந்தச் சாலையில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது, தடம் அங்கங்கே அழிந்திருந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு டாரிலின் முகாம்வரை போனேன். பூட்டியிருந்தது. திரும்பினேன். மறுபடி போனேன். பதினோரு தடவை என்று உங்கள் ஆள் டயர் தடத்தை எண்ணிச் சொன்னார். என் டயர் தடத்தை எண்ணுவது சுலபம், புது டயர்.

மூன்று மணிக்கு டாரில் ரேடியோவில் வந்தான். "பெருசு, நோலீன் கிடைச்சாங்களா? எதாச்சும் வேணுமா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். நான் பாத்துக்கறேன் என்று சாலை முழுக்கச் சொன்னவன், அறுபது கிலோமீட்டர் போய் மனைவியைக் காணோம் என்று எப்படிச் சொல்வது? கிளம்பவே ஏன் மூன்று மணி நேரம் ஆச்சு என்பான். ஸ்பேனர் எங்கே என்பான். பிறகு ஒவ்வொருவராகப் பழைய பஞ்சர்களை நினைத்துப் பார்ப்பார்கள். என் வாய்க்குள்ளேயே நான் மாட்டிக்கொண்டேன், சார்ஜன்ட். திறந்தால் எல்லாம் வெளியே வரும்.

"பக்கத்துலதான் இருக்கா," என்றேன். "தூங்குறா."

"அப்பாடா," என்றான். "எழுப்பாத பாவம். நான் கேட்டேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அவன் கிளம்பி வந்திருந்தால் நாலு மணிக்கு அங்கே இருந்திருப்பான். தேடுகிற விமானத்தைக் கூப்பிட்டிருந்தால் ஐந்துக்கு. இதையெல்லாம் நான் கணக்குப் போடவில்லை என்று சொல்ல மாட்டேன். போட்டேன். போட்டுவிட்டு ஹாரன் அடித்தேன். வெளிச்சம் போனதும் வீட்டுக்கு வந்து, காலையில் உங்களைக் கூப்பிட்டேன்.

ஊசியைத் தளர்த்தியது நான். ஸ்பேனரை எடுத்தது நான். அவள் பேசவிடாமல் பொத்தானை அழுத்தியது நான், டாரிலை நிறுத்தியது நான், இரண்டு தடவை. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். எதையும் குறைத்து எழுத வேண்டாம். ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு ஆட்சேபணை.

காரிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில், சாலைக்கு மேற்கே நாற்பது அடியில், அந்த ஒற்றை மரத்தடியில் அவளைக் கண்டெடுத்தீர்கள். அங்கிருந்து பார்த்தால் சாலை நன்றாகத் தெரியும், ஹாரன் கேட்காமல் இருக்காது என்கிறீர்கள். கேனில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது என்கிறீர்கள். மத்தியான நிழல் முழுக்கச் சாலையைப் பார்த்த பக்கம் விழுந்திருக்கும், அவளோ மரத்துக்கு அந்தப் பக்கம், வெறும் வெயிலில், முதுகை அடிமரத்தோடு ஒட்டிக் காலை மடக்கி உட்கார்ந்தபடியே உயிரை விட்டிருக்கிறாள் என்கிறீர்கள். அறிக்கையில் "மறைந்திருந்தார்" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள்.

அதை மட்டும் அடித்துவிடுங்கள். வெயில் தலைக்கேறினால் நிழல் எந்தப் பக்கம் என்றுகூட மனிதருக்குத் தெரியாமல் போய்விடும். நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியும், எனக்காகத்தான் அங்கே உட்கார்ந்து காத்திருந்தாள்.