பிரேக் இல்லாத அச்சு

டீக்கு நன்றி ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனால் நான் குறை சொல்லும் நிலையில் இல்லை.

என் பெயர் மதிவாணன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டு முன்னறையில் ஒரு சிஎன்சி ரூட்டர் வைத்திருக்கிறேன். கணினியில் படம் போட்டுக் கொடுத்தால் மரத்தில் தானே செதுக்கும் மிஷின். பொழுதுபோக்குக்கு வாங்கியது. என் நண்பன் தேவதாஸ் பதினோரு வருடமாகத் தினமும் காலையில் வந்து, "இன்னா மொசியே, இன்னிக்கு எந்தப் பலகைய கெடுக்கலாம்?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கிண்டலடிப்பான். எனக்கு மனைவி மக்கள் கிடையாது. வீட்டுக்கு வரும் இன்னொருவர் மீட்டர் பார்ப்பவர். அவரும் நின்று பேசமாட்டார்.

சித்திரையில் அவன் மகள் நிர்மலா பிரான்சிலிருந்து கூப்பிட்டாள். அங்கே ஒரு மரப் பட்டறையில் அவனுக்கு வேலை. "ரெண்டு கையும் ஒழுங்கா இருந்தா போதுமாம்டா," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போவதற்கு முன் மிஷினைச் சீர்செய்து தருகிறேன் என்றான். நல்ல மனசு. மேலும் கீழும் போகும் அச்சு ஆட்டம் கண்டிருந்தது. பழைய மெல்லிய தகட்டைக் கழற்றினோம். கனத்த அலுமினியத் தட்டு, புது ரெயில், வழுக்கிக்கொண்டு இறங்கும் பால் ஸ்க்ரூ என்ற புதுத் திருகு, வெட்டுமுனையைச் சுழற்றும் பெரிய ஸ்பிண்டில், அதைப் பிடிக்க ஒரு கவ்வி. எல்லாம் சேர்ந்து எட்டுக் கிலோ. பழைய திருகு, கரண்ட் போனாலும் நின்ற இடத்தில் நிற்கும். இது நிற்காது. மோட்டாரில் பிரேக் இல்லையென்றால், கரண்ட் போனதும் அந்த எட்டுக் கிலோவும் வெட்டுமுனையோடு தொப்பென்று விழும்.

"பிரேக் மோட்டாருதானே வாங்கின?"

"ஆமாண்டா."

நான் வாங்கியது பிரேக் இல்லாதது. வாங்கும்போதே தெரியும்.

உயரம் பார்க்க அவனுக்கு ஒரு வழக்கம். முனைக்குக் கீழே பஸ் டிக்கெட்டை வைத்து, வலது கையால் நீவி, முனை டிக்கெட்டைக் கவ்வும்வரை மெல்ல இறக்குவான். கையை எடுடா என்று நூறு தடவை திட்டியிருக்கிறேன். அன்று திட்டவில்லை. அவன் நீவிக்கொண்டிருந்தபோது மெயின் சுவிட்சை அணைத்தேன். கூர்முனை புறங்கையில் இறங்கிப் பலகைவரை போனது.

"கரண்டு பூட்ச்சுடா," என்றேன். எங்கள் தெருவில் அதை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆட்டோவில் அவன் கை என் மடியில் இருந்தது. நான்தான் அதிகம் அழுதேன். "வுடுடா, உன் தப்பா இது?" என்று அவன்தான் என்னைத் தேற்றினான்.

மூன்று விரல்கள் இனி மடங்காது. இரண்டு மாதம் மீனில் முள் எடுத்து நானே ஊட்டினேன். காரம் போதாது என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டான். அந்த இரண்டு மாதம்போல் நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை, ஐயா.

போன வாரம் நிர்மலா மறுபடி பேசினாள். வேலை போனால் போகட்டும், அப்பா வந்தால் போதுமாம். வெள்ளிக்கிழமை விமானம். அவனுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. மனசாட்சி உறுத்தியது, நானாகவே வந்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என்ன தண்டனையானாலும் சரி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: வழக்கு முடியும்வரை சாட்சி வெளிநாடு போக முடியாதுதானே?