மொட்டை மாடியில் வளர்ந்த சால்வை

— அது கெடக்கட்டும் செல்வி, அடுத்து இன்னா பின்னப் போற? அதச் சொல்லு மொதல்ல.

— நான் கேட்டது சால்வ எங்கன்னு.

— எனக்கு ஒரு ஸ்வெட்டர் போடேன். நீல கலர்ல. கழுத்து வரைக்கும் மூடுற மாதிரி.

— ஸ்வெட்டரா? கரண்ட் போனா பனியனக்கூட கழட்டிட்டு உக்கார்ற ஆளுக்கு ஸ்வெட்டரா? அலமாரில மடிச்சி வெச்சிருந்தேன். இப்போ இல்ல. கேக்குறேன் இல்ல, எங்க?

— காயுது.

— காயுதுன்னா?

— மாடில காயுது. இல்லன்னா ஸ்கூட்டர் சீட்டுக்கு ஒரு கவர் போடு. வெயில்ல நின்னா ஒக்காரவே முடியல.

— நேத்துதான் கடைசி கண்ணிய முடிச்சேன். நான் நனைக்கவே இல்ல. எப்பிடிங்க காயும்?

— உன் புருஷன் அருளானந்தம் நனைச்சான். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு. ஒரு வருஷமா மடில வெச்சே பின்னுன, கருவாட்டுக் கொழம்பு வாசன பூரா அதுல ஏறிக் கெடக்குது. பிரான்ஸ் போற பொருளாச்சே! விடியக்காலைல எழுந்தேன், ஷாம்பு போட்டேன், கையாலயே கசக்கினேன். வுவாலா, வேல முடிஞ்சிது!

— மாதாவே. பாய் விரிச்சிப் படுக்கப் போட்டுத்தான காய வெச்சீங்க?

— துணிய எவனாச்சும் படுக்கப் போட்டுக் காய வெப்பானா? கொடி எதுக்கு இருக்குது?

— கொடிலயா? ஈரத்தோடயா?

— நீ ஒண்ணும் கவலப்படாத, பறக்காது. கடக்காத்து தூக்கினு போயி பக்கத்து கொளஞ்சி வீட்டு மாடில போட்டுடப் போவுதுன்னு, கீழ ரெண்டு முனையிலயும் தண்ணி பாட்டில் கட்டி உட்டிருக்கேன்.

— காலி பாட்டில்தான?

— காலி பாட்டில் காத்துக்கு நிக்குமா? ரொப்பித்தான்.

— இப்ப அது எவ்ளோ நீளம் இருக்குது?

— காலைல போட்டப்போ என் இடுப்பு வரைக்கும் தொங்குச்சி.

— இப்ப?

— இப்ப பாட்டில் ரெண்டும் தரையில படுத்துக்கினு இருக்குது.

— ஐயோ. ஐயோ ஐயோ. ஈரக் கம்பளி இழுத்துக்கிச்சே! நாலு மணிக்கு ஆரோன் வரான், பிரான்சுக்குக் கொண்டுபோவ! தவளக்குப்பத்துலேர்ந்து ஏர்போர்ட் போற வழியில வண்டிய நிறுத்தி வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கான். என்னாத்த குடுப்பேன் அவன்கிட்ட? வேட்டியா?

— அகலம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. வேட்டின்னு சொல்ல முடியாது. பந்தல்ல கட்டுற தோரணம் மாதிரி இருக்குது.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. சரி, சிரிக்கல.

— உங்களுக்கென்னா. மூணு வருஷம் பேசாம இருந்த என் தங்கச்சி ஜாஸ்லின், போன குளிருக்கு தானா ஒரு வரி அனுப்புனா. "குளிருது அக்கா, நீ பின்னுனது எதுனா இருந்தா அனுப்பு"ன்னு. அதுக்கு நான் இன்னும் பதில் போடல. ஏன் போடல?

— ஏன்?

— அந்தச் சால்வதான் பதிலு.

— ஒரு வரிக்கு ஒரு வருஷமா பதில் எழுதுனவ ஊர்லயே நீ ஒருத்திதான். அந்தப் புள்ள இன்னா நெனச்சிருக்கும்? அக்காவுக்கு இன்னும் கோவம் தீரலன்னு நெனச்சிருக்கும்.

— தீரலதான். அவ பையனுக்கு ஆசையா குல்லா போட்டு அனுப்புனேன். அத டீ கெண்டிக்கு மாட்டி, அத போட்டோ வேற புடிச்சிப் போட்டா. அதோட நின்னதுதான் பேச்சு.

— கெண்டிக்கு நல்லாத்தான் இருந்துச்சி.

— அடுத்தது இன்னா பின்னுவன்னு கேட்டீங்க இல்ல? கேட்டுக்குங்க. அவ இதப் போத்திக்கினு நின்னான்னு தெரிஞ்சாதான் அடுத்தது. இல்லன்னா ஊசி ரெண்டையும் கொண்டுபோய் நோணாங்குப்பம் ஆத்துல உட்டுட்டு வந்துடுவேன்.

— அப்ப என் ஸ்வெட்டரும் ஆத்துலதானா! இரு, அவசரப்படாத. வெந்நியில போட்டா சுருங்காது?

— சுருங்கும். கைக்குட்டையாத்தான் வெளிய வரும்.

— அப்ப கத்திரி? மிச்சத்த நறுக்கிட்டு...

— பின்னல்ல கத்திரி வெப்பாங்களா? பிரிஞ்சிப் போயிடும். முடிச்ச எடத்த அவுத்து, வரி வரியா உருவிக்கினே வந்து, வேணுங்கிற எடத்துல நிறுத்தி, திரும்ப முடியணும். பெரிய வேலையில்ல. நாலு மணிக்குள்ள முடிச்சிடலாம்.

— பின்ன எதுக்கு இவ்ளோ ஒப்பாரி? உருவு. நான் நூலச் சுத்துறேன். எந்த எடத்துல நிறுத்தணும்?

— அதான்...

— எதான்?

— அதான் தெரியல.

— தெரியலயா? மொதல்ல எந்த அளவுல பின்னுன?

— உங்க அளவுலதான். நீங்க கொறட்ட உடுறப்போ மேல போட்டுப் போட்டுப் பாத்தேன்.

— அடிப்பாவி. அதான் மார்கழியில எனக்கு மட்டும் அப்பிடி வேர்த்துச்சா! ஜாஸ்லினும் நானும் ஒரே ஒசரமா?

— உங்கள உட கொஞ்சம் கம்மின்னு நெனச்சேன், குத்துமதிப்பாத்தான். அவ கல்யாணத்துல என் காது வரைக்கும் இருந்தா. ஆனா அன்னிக்கி குதி ஒசந்த செருப்பு போட்டிருந்தாளா, இல்லயா? அதுதான் ஞாபகம் வரல.

— போட்டோவுல பாரேன்.

— பாக்காமயா இருப்பேன்? எல்லாத்துலயும் மூஞ்சி மட்டும்தான் போடுறா. ஒண்ணுல காப்பி கப்போட உக்காந்துக்கினு இருக்கா. மேசைக்கு மேலதான் தெரியுது.

— அப்பக் கேளு அவகிட்டயே.

— நான் கேக்க மாட்டேன். அவதான் மொதல்ல பேசணும்.

— அதான் பேசிட்டாளே, குளிருதுன்னு!

— அது எழுத்து. பேச்சு இல்ல.

— நல்லா இருக்குது உங்க அக்கா தங்கச்சி கணக்கு. அருளானந்தம் போன் போடுறான்.

— வேணாங்க.

— போட்டாச்சி. வீடியோ. ரிங் போவுது.

— கட் பண்ணுங்க! நைட்டியில இருக்கேன்.

— அங்க இப்பதான் விடிஞ்சிருக்கும். அவளும் நைட்டியிலதான் இருப்பா. புடி, உன் கையில புடி.

— அலோ? மாமா? இன்னா மாமா இந்நேரத்துக்கு? யாருக்கு இன்னா ஆச்சி?

— யாருக்கும் ஒண்ணும் ஆவலம்மா. எல்லாரும் சௌக்கியம். சால்வ ஒண்ணுதான் கொஞ்சம்... அத உங்க அக்கா சொல்லுவா. போன் அவ கையிலதான் இருக்குது.

— அக்காவா?

— பேசு செல்வி.

— அக்கா? மாமா, ஒண்ணும் தெரியல. காதுத் தோடு மட்டும்தான் தெரியுது.

— காதுல வெக்காத செல்வி, அது வீடியோ! மூஞ்சிக்கு நேரா புடி. வுவாலா. இப்பத் தெரியுதாமா?

— தெரியுது. அக்கா, இன்னா இப்பிடி நரச்சிட்ட?

— வெரல எடு செல்வி, கேமராவ மூடிக்கினு இருக்குது.

— அக்கா? ஏதாச்சும் சொல்லேன். திட்டவாச்சும் திட்டு.

— செல்வி, அந்தப் புள்ள காத்துக்கினு இருக்குது. அளவு கேளு. அளவ மட்டும் கேட்டுட்டு போன என்கிட்ட குடுத்துடு.

— ஜாஸ்லின்... உன் ஒசரம் எனக்கு மறந்து போச்சிடி. கொஞ்சம் எழுந்து நின்னு காட்டேன்.