மைனஸ் மார்க்

—அந்த ஸ்பேனரை மேஜை மேல வைங்க. அடுத்த ரூம்ல பிள்ளைங்க பரீட்சை எழுதிட்டிருக்காங்க.

—எழுதட்டும். நல்லாக் காதுல விழட்டும். என் பொண்ணை முதல் பேட்ச்சுல இருந்து தூக்கிக் கடைசி பேட்ச்சுல போட்டது நீதானே வாத்தியாரே?

—நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தேர்வுல தப்பு விடைக்கெல்லாம் மார்க் கழிச்சதுல அவ மார்க் மைனஸ்ல போயிருக்கு. பொறுமையா உட்காருங்க, சொல்றேன்.

—உன் பொறுமையைக் குப்பையில போடு. பட்டறையில நாள் முழுக்க இரும்போட மல்லுக்கட்டுறவன் நான். எனக்கே பாடம் எடுக்கிறியா?

—ஐயோ, கண்ணாடி. உங்க கையில ரத்தம் கொட்டுது பாருங்க.

—மேஜைக் கண்ணாடிதானே உடைஞ்சிருக்கு. அடுத்தது உன் மண்டை, கேட்டுக்கோ. போனை எடுக்காதே. யாரைக் கூப்பிடுற? போலீஸையா? கூப்பிடு, அவன் வந்து சேர்றதுக்குள்ள நீ ஆஸ்பத்திரியில கிடப்பே.

—அப்பா, சட்டையை விடுங்கப்பா. சாருக்கு மூச்சுத் திணறுது.

—நீ எதுக்குடி பரீட்சையில இருந்து எழுந்து வந்தே?

—சத்தம் கேட்டுச்சு.

—வந்ததும் நல்லதாப் போச்சு. இவன் பிசிக்ஸ் ஒழுங்கா சொல்லித் தரலைன்னு இவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு.

—சார் நல்லாத்தான் சொல்லித் தந்தாரு.

—அப்போ மைனஸ் எப்படிடி வரும்?

—அடிக்காதீங்க. என் வகுப்புல படிக்கிற பொண்ணு மேல கை வைக்க விடமாட்டேன்.

—என் பொண்ணு, நான் அடிப்பேன். குறுக்க வந்தேல்ல, இந்தா உனக்கும்.

—சார், உங்க உதடு கிழிஞ்சிருச்சு.

—இருக்கட்டும்மா. நீ என் பின்னால வந்து நில்லு. ஐயா, நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் அடிங்க. போன வாரம் ஒரு கணக்குக் குடுத்தேன். சரிவுல உருண்டு வர்ற வளையம். எனக்கே அரைப் பக்கம் பிடிச்சுது. இவ போர்டுல நாலே வரியில முடிச்சுட்டா.

—அப்புறம் என்ன கேடு?

—ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை இருக்கும். ஒண்ணுமே படிக்காதவன் கண்ணை மூடிட்டுக் குறிச்சாக்கூட பத்துல ரெண்டு மூணு தானா சரியா விழும். இவளுக்கு அந்தத் தாள் முழுக்க ஒண்ணுகூட விழல. சரியான விடை எதுன்னு தெரிஞ்சவளாலதான் அதைத் தொடாம சுத்திப் போக முடியும்.

—வேணும்னே தப்பா எழுதினாங்கிறியா?

—அவகிட்டயே கேளுங்க. கையால இல்ல, வாயால கேளுங்க.

—ஏய், வாயைத் திற. வேணும்னேதான் எழுதினியா?

—ஆமாப்பா.

—உன்னைத் தட்டி எழுப்பி எழுப்பிப் படிக்க வெச்சேனேடி. என் பொண்ணு பெரிய காலேஜ்ல சீட் வாங்கப் போறான்னு பட்டறைக்கு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே. இனி எவன் முகத்துல முழிப்பேன்? உன்னை இங்கயே கொன்னு போட்டுடுறேன்.

—கையை இறக்குங்க. அந்த ஸ்பேனரைக் குடுங்க. ஐயா, குடுங்க இப்படி.

—விடுங்க சார். அடிக்கட்டும். எனக்குப் பழகினதுதான். அப்பா, அந்தக் காலேஜ் ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல போற தூரம். அங்கேயே ஹாஸ்டல்ல தங்கணும்.

—தங்கினா உனக்கென்னடி?

—நான் அங்க போயிட்டா, நீங்க அம்மா மேல கை ஓங்கும்போது நடுவுல வந்து நிக்க வீட்டுல யாருப்பா இருக்கா?