டைரக்டரி சர்வரும் ஒரு மாசப் பந்தயமும்

…ஓடறேங்குது, அடுத்த நொடியே படுத்துக்குது! பாருங்கண்ணே, மறுபடியும் பாருங்க… பச்சை… பச்சை… ஆங், சிவப்பு! அட, ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வைங்க, கதவு அதுக்கெல்லாம் மசியாது. ஏசியைப் பிரிக்கணும்னு நீங்க சொன்னீங்க, சூடேறுமேன்னு நான் சர்வரை அணைச்சேன். நல்லதுக்குக் காலமே இல்ல! இப்ப டைரக்டரி சர்வர் எந்திரிக்க மாட்டேங்குது. யாரு வரலாம், யாரு போகலாம்னு கதவு அதுகிட்டதாண்ணே கேக்கும். அது மயங்கிக் கெடந்தா? நாம ரெண்டு பேரும் உள்ள… ஆபீஸே வெளிய!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையக் கட்டிட்டு நிக்கறாரே, நீலச் சட்டை… எங்க வீட்டுக்காரர். அவருக்கும் இங்கதான் வேலை. நேத்து ராத்திரி டூட்டி அவரு. அப்ப இதக் கடைசியாத் தொட்டது யாரு? அதான், போன்லயே வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். தப்பு உங்களுதுன்னா ஒரு மாசம் ராத்திரி வர்ற போனெல்லாம் நீங்க எடுங்க, என்னுதுன்னா நான் எடுக்கறேன்னு பந்தயமே கட்டிட்டேன். அவரு பக்கத்துல நிக்கற மேனேஜர் சாட்சி! சிரிக்காதீங்கண்ணே. வீட்லயும் இப்படித்தான், அடுப்பை அணைக்காமக் கெளம்பி… இல்ல, அது நாந்தான்… விடுங்க.

ஆங், சிக்கிருச்சு! 'ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை'யாம். அதோட சொந்த ஃபைலுண்ணே! ஏன்? எல்லாம் ரூட் பேர்ல கெடக்கு. ரூட்டுன்னா இந்த மெஷினுக்கே ராஜா. இந்த சர்வர் சாதாரண ஆளாத்தான் ஓடணும். யாரோ ராஜா வேஷத்துல கையால ஓட்டிட்டுப் போயிட்டாங்க, ஃபைலெல்லாம் ராஜா சொத்தாயிருச்சு. மாட்டினாரு மனுஷன்! எப்ப ஓட்டினாருன்னு பாப்போம்… நேத்து… சாயங்காலம்…

சாயங்காலமா? அவரு ராத்திரிதானே வந்தாரு?

அண்ணே… நேத்து சாயங்காலம் இது முரண்டு பிடிச்சப்ப, பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு அவசரத்துல… ஐயையோ, நாந்தாண்ணே!

ஷ்ஷ்… அந்தப் பக்கம் பாக்காதீங்க. இந்தா, ஃபைலெல்லாம் பழையபடி சாதாரண ஆள் பேருக்கு மாத்தியாச்சு. ஒரு என்ட்டர் தட்டினா சர்வர் எந்திரிச்சுரும், கதவும் திறந்துரும். ஆனா தட்ட மாட்டேன்! இங்க காத்து நல்லாத்தான… சரி, காத்து இல்ல. அதுக்காக ஒரு மாசமாண்ணே? நடுராத்திரில கூப்பிட்டு, பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு அழுவாங்கண்ணே! உக்காருங்க, ஒரு கதை யோசிப்போம். எலி கடிச்சிருச்சுன்னா… அண்ணே, என்ட்டர் பக்கம் ஏன் கையைக் கொண்டு போறீங்க? வேணாம்… அண்ணே!

பச்சை… பச்சையாவே நிக்குது! ஓடாதீங்கண்ணே, ஏசியை யாரு மாட்டறது…

என்னங்க… வந்துட்டீங்களா… அது வந்து… ஒரு எலி…